அரக்கு நிறத் தூசி

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே உன் தம்பியான நானும் உன் தம்பி மனைவியும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் உன் ஆமைகளும் எப்படி? உன் முழங்கால் வலி குறைந்ததா?

நீ போன் சிக்னல் எட்டாத தீவுப் பாறையில் போய் உட்கார்ந்துகொண்டதால் எனக்குக் கடிதம் எழுதுகிற யோகம் வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தை விட்டபிறகு கையெழுத்துப் போடத்தான் பேனாவைத் தொட்டிருக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் வேலையிடத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். தாளை எடுத்தவுடன் எல்லாரும் சூழ்ந்துகொண்டு, "என்ன, ஆமை டாக்டருக்கா?" என்று கேலி செய்கிறார்கள். அவள் டாக்டர் இல்லை, கரையொதுங்கிய ஆமையின் வயிற்றைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற ஆராய்ச்சிக்காரி என்று விளக்கினால், சாப்பிடும்போது அதையெல்லாம் பேசாதே என்று விரட்டுகிறார்கள்.

ஒரு நல்ல சேதி. தொழிற்சாலையில் என்னை நறுக்கல் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே எல்லாரையும் விடமாட்டார்கள். நைலான் நூலைக் கண்ணிமை முடியைவிடப் பொடியாக நறுக்கி, சல்லடையில் சலித்துக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. அடுத்த அறையில் அதைப் பசை தடவிய அட்டைமேல் தூவி மின்சாரத்தைக் காட்டினால் ஒவ்வொரு இழையும் எழுந்து நிமிர்ந்து நின்று ஒட்டிக்கொள்ளும். தடவினால் வெல்வெட் மாதிரி இருக்கும். நகைப்பெட்டியைத் திறந்தால் உள்ளே மெத்தென்று இருக்குமே, அது எங்கள் கைவேலை. இந்த வருடம் எல்லாமே அரக்கு நிறம். வேலை முடியும்போது புருவம், காதுமடல், மூக்குத்துளை எல்லாம் அரக்கு. காற்றுக்குழாயைத் திறந்துவிட்டு ஒருவரை ஒருவர் ஊதிச் சுத்தம் செய்துகொள்வோம். அந்த நேரம்தான் ஒரே கும்மாளம்.

தொண்டை மட்டும் கொஞ்சம் கரகரவென்று இருக்கிறது. குளிர்தான். வெந்நீர் குடிக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. உடனே பதில் போடு.

உன் குட்டை

—

பிப்ரவரி 3

அன்புள்ள குட்டைக்கு,

நான் நலம். முழங்கால் அதன் போக்கில் இருக்கிறது, என் பேச்சைக் கேட்பதில்லை. நீங்கள் இருவரும் சுகம் என்று எழுதியதில் சந்தோஷம். உன் கடிதத்தை மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். ஆள் அரவம் இல்லாத இடம் அல்லவா, அடிக்கடி எடுத்துப் படிக்கிறேன். உன் எழுத்து இன்னும் நாலாம் வகுப்பில்தான் நிற்கிறது.

போன வாரம் ஒரு பெரிய பெண் ஆமை கரையொதுங்கியது. வயிறு கனமாக இருந்தது. முட்டையாக இருக்கும் என்று நினைத்தேன். திறந்து பார்த்தால் மூடித் துண்டுகள், பை, வலைக் கயிறு. வயிறு நிறைந்துவிட்டது என்று நம்பியே பட்டினி கிடந்து செத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிறவை இவை. தெரியாதவைதான் என் வேலை. குடலில் இருப்பதைக் கரைத்து வடிகட்டி, வடிதாளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பேன்.

அதில்தான் இப்போது வம்பு. நான் வேலை செய்யும்போது பக்கத்தில் ஈரமான வெற்று வடிதாள் ஒன்றைத் திறந்து வைப்பேன். அறைக் காற்றில் ஏதாவது மிதந்தால் அதில் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். அதற்காகவே பருத்தியைத் தவிர வேறு துணி கட்டுவதில்லை. அப்படியும் அந்த வெற்றுத் தாளில் அரக்கு நிற இழைகள் விழுகின்றன. அது விழுந்தால் அன்றைய மாதிரிகள் அத்தனையும் குப்பை. ஆமைக்குள் இருந்ததா, அறைக்குள் இருந்ததா என்று யார் சொல்வது? விசாரித்ததில் ஆள் அகப்பட்டான். வாரம் ஒருமுறை தபாலும் சாமானும் கொண்டுவருகிற படகுக்காரர் அரக்கு நிறத்தில் கம்பளிச்சட்டை போட்டிருக்கிறார். இனி வாசலோடு நில்லுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

போன மாதம் சாமான் வாங்க ஊருக்குப் போனபோது உனக்கு மூன்று தடவை போன் செய்தேன். ஏன் எடுக்கவில்லை? தொண்டை எப்படி இருக்கிறது?

அன்புடன்
அக்கா

—

மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. வேலை தலைக்குமேல் இருக்கிறது.

போன் அடித்தது இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை. இனிமேலும் போன் செய்து வீணாகக் காசைக் கரைக்காதே, கடிதமே நன்றாக இருக்கிறது. பேசும்போது மறந்துபோகிறதெல்லாம் எழுதும்போது ஞாபகம் வருகிறது.

படகுக்காரர் கதையை இங்கே எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். வயிறு வலிக்கச் சிரித்தோம். பாவம், அந்த மனிதர் மனைவி பின்னிக் கொடுத்த சட்டையாக இருக்கும். நீ சின்ன வயதிலும் இப்படித்தான், ஒருவர்மேல் சந்தேகம் விழுந்தால் கடவுளே வந்து சொன்னாலும் கேட்கமாட்டாய்.

எங்கள் அறையில் மூத்தவர் ஒருவர் இருந்தார், எனக்குச் சல்லடை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். அவர் வேலையிலிருந்து நின்றுவிட்டார். உடம்புக்கு முடியவில்லையாம். அவர் இடத்தையும் சேர்த்து இப்போது நான்தான் பார்க்கிறேன். எனக்கு என்ன, இரும்பு உடம்பு. கொஞ்சம் இளைத்திருக்கிறேன். பழைய கால்சட்டையெல்லாம் மறுபடி சேர்கிறது என்று உன் தம்பி மனைவியிடம் பெருமை அடித்தேன், அவள் சிரிக்கவில்லை. தொழிற்சாலை டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார். சளி என்றார். மாத்திரை கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான்.

உன் முழங்காலுக்குச் சுடுநீர் ஒத்தடம் கொடு.

உன் குட்டை

—

ஏப்ரல் 1

தம்பி,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கடல் கொந்தளித்ததால் படகு இரண்டு வாரம் வரவில்லை. அந்த இரண்டு வாரத்திலும் வெற்றுத் தாளில் அரக்கு இழை விழுந்தது. படகுக்காரர் திரும்பி வந்ததும் வாசலில் நின்றபடி நிதானமாகக் கேட்டார்: "நான் வராத நாள்லயும் விழுந்திருக்குதேம்மா, அதுக்கும் நானா காரணம்?" அவர் உன் மார்ச் மாதக் கடிதத்தை என் கையில் கொடுத்தார். மேஜையில் வைத்துப் பிரித்தேன். மறுநாள் தாள் முழுக்க அரக்கு.

அப்போதுதான் உறைத்தது. உன் கடிதத்தை நான் எடுத்துப் படித்த நாட்களில்தான் விழுந்திருக்கிறது. மடிப்பை ஈரக் கண்ணாடித் தகட்டின்மேல் லேசாகத் தட்டி நுண்ணோக்கியில் வைத்தேன். டேய், எண்ணி முடியவில்லை. ஒரு பக்கம் சீராக நறுக்கிய நைலான். இன்னும் பொடியாகச் சிதைந்த துகள்கள் அதைவிட அதிகம். அவைதான் நெஞ்சின் அடிவரை இறங்கக்கூடியவை.

மடித்த தாளுக்குள்ளே இவ்வளவு என்றால் உன் நெஞ்சுக்குள்ளே எவ்வளவு?

காற்றுக்குழாயால் ஊதிக்கொள்வதைக் கும்மாளம் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு நானும் சிரித்தேன், அதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. உட்கார்ந்த தூசியை எழுப்பி உன் மூக்குக்கு நேராக அனுப்புகிற வேலை அது. முதலில் அதை நிறுத்து. அந்த நெஞ்சுப் படத்தை வாங்கிக்கொண்டு வெளியே நல்ல மருத்துவமனைக்குப் போ. நுரையீரல் பார்க்கிற டாக்டரிடம் நைலான் நறுக்குகிற வேலை என்று வாயைத் திறந்து சொல். மூத்தவருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்து எழுது.

படகுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லம்மா, தம்பிக்கு என்ன?" என்றார். இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

அக்கா

—

ஏப்ரல் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம், நீயும் நலமாக இருக்க வேண்டும். முக்கியமாக உன் நரம்புகள்.

ஆமைக்குப் பார்க்கிற வைத்தியத்தை எனக்குப் பார்க்காதே அக்கா. நான் மூடியையும் பையையும் தின்னவில்லை. தூசி இல்லாத வேலை எது? மாவு மில்லில் தூசி இல்லையா, சிமெண்டில் இல்லையா? முகமூடி கொடுத்திருக்கிறார்கள். சல்லடைக்குப் பக்கத்தில் நின்றால் கொஞ்ச நேரத்தில் அது நனைந்து அடைத்துக்கொள்கிறது, மூச்சு முட்டுகிறது. கழற்றினால்தான் வேலை ஓடுகிறது. சோதனைக்கு ஆள் வரும்போது எல்லாரும் போட்டுக்கொள்வோம்.

நான் எத்தனை இடத்தில் வேலைக்குப் போய் எத்தனை இடத்தில் நிற்காமல் வந்தேன் என்று உனக்குத் தெரியும். என்னை உருப்படாதவன் என்று சொல்லாத ஆள் நீ ஒருத்திதான். இங்கேதான் என்னை மதித்து ஒரு வேலையை ஒப்படைத்திருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் "அண்ணே" என்று கூப்பிடுகிறார்கள். அதை விட்டுவிட்டு மறுபடி தெருத் தெருவாக அலையச் சொல்கிறாயா?

உன் மாதிரிகள் என்னால் கெட்டுப்போயின என்பதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இந்தக் கடிதத்தை வீட்டில், குளித்துவிட்டு, கை கழுவி எழுதினேன். மடிப்பதற்குமுன் ஜன்னலுக்கு வெளியே நன்றாக உதறிவிட்டேன். இனி உன் வேலைக்குப் பங்கம் வராது.

மூத்தவரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

உன் குட்டை

—

மே 14

என் குட்டைக்கு,

சண்டை போடமாட்டேன். கோபத்தில் எழுதியதை மறந்துவிடு.

போன வாரம் ஊருக்குப் போனேன். போன் செய்தேன். உன் மனைவி எடுத்தாள். நீ வெளியே போயிருப்பதாகச் சொன்னாள். அவள் பேசும்போதே பின்னால் இருமல் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் என்றாள். நான் சரி என்று வைத்துவிட்டேன். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளையின் இருமல் எனக்குத் தெரியாதா? போன் வேண்டாம், கடிதமே நல்லது என்று நீ ஏன் எழுதினாய் என்று அப்போதுதான் புரிந்தது. கடைவாசலில் நின்று அழுதேன். ஆட்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்குத் தெரிந்ததை உள்ளபடி சொல்கிறேன். இந்தத் துகள்கள் மீனுக்குள் போனால் குடலில் புண்ணாகிறது, தீனி குறைகிறது. இங்கே கடற்பறவைகள் தாங்கள் விழுங்கியதைக் கக்கிக் குஞ்சுக்கு ஊட்டுகின்றன. பறக்கவே தொடங்காத குஞ்சின் வயிற்றில் பிளாஸ்டிக்கைப் பார்த்திருக்கிறேன். மனிதர் ரத்தத்திலும் நுரையீரலிலும் இவற்றைக் கண்டிருக்கிறார்கள். அது எல்லாருக்கும் என்ன செய்யும் என்று முழுக்கத் தெரியாது. ஆனால் உன் வேலையைச் செய்கிறவர்களுக்கு என்ன செய்யும் என்று தெரியும். உடம்புக்கு இதைக் கரைக்கத் தெரியாது. கரையாததைச் சுற்றி நுரையீரல் காய்த்துக் கெட்டியாகிப்போகும். மேல்மூச்சு வாங்கும், ஆள் இளைப்பான். சீக்கிரம் விலகியவர்கள் சிலர் தேறியிருக்கிறார்கள். தாமதித்தவர்களைப் பற்றி எழுத மாட்டேன்.

வேலையை விட்டுவிடு கண்ணு. உன்னை யார் உருப்படாதவன் என்று சொன்னாலும் அவனை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ மூச்சு விட்டுக்கொண்டு இருந்தால் போதும்.

உன் அக்கா

—

ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்.

வேலையை விட்டுவிட்டேன். நீ சொன்னபடியே. இப்போது திருப்திதானே?

வீட்டில் இருக்கிறேன். சமைக்கிறேன், துவைக்கிறேன். உன் தம்பி மனைவி பெட்டி அடுக்குகிற வேலை ஒன்றுக்குப் போகிறாள். அவள் சம்பாதிக்க நான் உட்கார்ந்து தின்கிறேன் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

இப்போதைக்கு இவ்வளவுதான். கை வலிக்கிறது.

உன் குட்டை

—

ஜூலை 16

என் தங்கக்கட்டிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து கால் தரையில் நிற்கவில்லை. படகுக்காரருக்கும் படித்துக் காட்டினேன். "நல்ல புத்தி வந்துச்சு" என்று உன்னைப் பாராட்டினார். இப்போதெல்லாம் அந்த அரக்குச் சட்டையோடு உள்ளே வந்து தேநீர் குடித்துவிட்டுத்தான் போகிறார். நான் ஒன்றும் சொல்வதில்லை, வெற்றுத் தாளை மட்டும் மூடி வைத்துவிடுவேன்.

உனக்கும் அவளுக்கும் பருத்திச் சட்டைத் துணி எடுத்து அனுப்பியிருக்கிறேன். நன்றாகச் சாப்பிடு. கொஞ்ச தூரம் நடந்து பழகு. டாக்டரைப் பார்த்தாயா? என்ன சொன்னார்? உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அவள் எங்கே வேலைக்குப் போகிறாள்? அவளை ஒரு கடிதம் எழுதச் சொல். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னிடம் பத்து வார்த்தைக்குமேல் பேசியதில்லை, அவ்வளவு கூச்சம்.

வருட முடிவில் விடுப்பு எடுத்து வருகிறேன். உன் சமையலை ஒரு கை பார்க்கிறேன்.

உன் அக்கா

—

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு உங்கள் தம்பி மனைவி எழுதுவது.

நீங்கள் நல்ல சுகமாக இருக்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை எழுதியது அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

அவர் வேலையை விடவில்லை அக்கா. வேலைதான் அவரை விட்டது. ஜூன் மாதம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு படி ஏறும்போது மூச்சு நின்ற மாதிரி ஆகி விழுந்துவிட்டார். தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் போட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தோம். நீங்கள் எழுதியிருந்ததையேதான் அங்கேயும் சொன்னார்கள். சளி இல்லையாம். இரண்டு பக்கமும் காய்த்துப்போயிருக்கிறதாம். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். மூத்தவர் மார்ச் மாதமே இறந்துவிட்டார். உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று உங்கள் தம்பி என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

மேலாளர் பார்க்க வந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "வீட்ல யாராவது இருந்தா அனுப்பு, உன் இடத்தை வேற யாருக்கும் தரமாட்டேன்" என்றார். வீட்டில் நான்தான் இருந்தேன்.

இப்போது அந்தச் சல்லடையில் நான் நிற்கிறேன். மூன்று வேளை சாப்பிட வேண்டுமே அக்கா. முகமூடியைக் கழற்றுவதில்லை. சாயங்காலம் வந்ததும் அவர் என் உடுப்பை வாங்கி ஜன்னலுக்கு வெளியே உதறி, அவரே துவைக்கிறார். வேண்டாம் என்றால், "நீ நின்னு வேலை பாத்துட்டு வந்திருக்க, நான் சும்மாதானே கெடக்கேன்" என்கிறார். உதறுகிறார், இருமுகிறார், பிறகு அலசுகிறார். என்னால் பார்க்க முடிவதில்லை. தடுக்கவும் முடிவதில்லை.

உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். பறவை விழுங்கினது குஞ்சுக்குப் போகும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இப்போது நாலு மாதம். அவரிடம் போன வாரம்தான் சொன்னேன். நான் சுவாசிப்பது உள்ளே இருப்பதற்குப் போகுமா? டாக்டரம்மாவிடம் கேட்டேன், அதெல்லாம் யோசிக்காதே என்றார். நீங்கள் பொய் சொல்ல மாட்டீர்கள். ஆம், இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

உங்கள் தங்கை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

—

ஆகஸ்ட் 24

என் தங்கைக்கு,

மாதிரி இல்லை, தங்கையேதான்.

ஆம் என்று எழுத என்னிடம் முழு ஆதாரம் இல்லை. இல்லை என்று எழுத மனசு வரவில்லை. தாயையும் பிள்ளையையும் இணைக்கிற நஞ்சுக்கொடியில் இந்தத் துணுக்குகளைப் பார்த்திருக்கிறார்கள். அதனால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் இன்னும் சொல்லத் தெரியவில்லை. எங்கள் அறிக்கைகளை 'மேலும் ஆய்வு தேவை' என்ற வரியோடு முடிப்போம். இத்தனை வருடமாகக் கூசாமல் எழுதிய வரி. உனக்கு அதை எழுதிக் கையெழுத்துப் போட எனக்குக் கை ஓடவில்லை.

வயிற்றில் இருப்பதற்கு என்ன ஆகும் என்று தெரியாது. உனக்கு என்ன ஆகும் என்று தெரியும், அவன்தான் பக்கத்திலேயே கிடக்கிறானே. இனி வேலைக்குப் போகாதே. இந்தக் கடிதம் கைக்கு வந்த அந்த நிமிடமே நிறுத்து. என் சம்பளம் இனி மூன்று பேருக்கும், நாலாவது ஆளுக்கும். அந்த உடுப்பை உதறாதே, அவனைத் தொடவிடாதே, ஈரத்தோடு பையில் கட்டிவை.

இன்றைக்கே படகில் ஏறியிருப்பேன். பொறுப்பை ஒப்படைக்க ஆள் வர வேண்டும். அடுத்த படகில் வந்துவிடுவேன். அவனைத் திட்ட மாட்டேன் என்று சொல். இல்லை, வேண்டாம், அவனிடம் ஒன்றுமே சொல்லாதே, நானே வந்து பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா

—

ஆகஸ்ட் 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் பரம சுகம். உன் முழங்கால் இப்போது எப்படி? அனுப்பிய துணி வந்தது, நல்ல துணி.

உன் தம்பி மனைவி கூச்சப்பட்டுக்கொண்டு எழுதமாட்டாள் என்பதால் நானே முந்திக்கொள்கிறேன். நீ அத்தை ஆகப்போகிறாய். நான் அப்பாவாம். எழுதிப் பார்க்கும்போதே சிரிப்பு வருகிறது.

எல்லாம் திட்டம் போட்டு வைத்திருக்கிறேன். மாதம் ஏற ஏற அவளை வேலைக்கு அனுப்ப மாட்டேன். பிள்ளை வந்ததும் அவள் வீட்டில் இருக்கட்டும், நான் போய் அவள் இடத்தில் நிற்பேன். மேலாளரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், சரி என்றிருக்கிறார். நீ உடனே முகத்தைத் தூக்காதே. பிள்ளையை வைத்துக்கொண்டு வீட்டில் சும்மா கிடக்கிற அப்பன் என்று பெயர் எடுக்கச் சொல்கிறாயா? அதற்குள் உடம்பு தேறிவிடும். இப்போதே எவ்வளவோ பரவாயில்லை.

அதற்குப் பயிற்சிகூட ஆரம்பித்துவிட்டேன். பிள்ளையைத் தூக்கிப் பழக வேண்டாமா? அவள் வேலைக்குப் போனபிறகு தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு அறையைச் சுற்றி நடக்கிறேன். நீ பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பாய். கட்டிலில் இருந்து ஜன்னல்வரை நடந்துவிடுகிறேன். அங்கே கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருக்கிறது. கதவுவரை இன்னும் முடியவில்லை. பிள்ளை பிறக்க இன்னும் நாள் இருக்கிறதே, பழகிவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா.

உன் குட்டை